பாறை மண்ணாக ஆயிரம் ஆண்டு. மண் கரைந்தோட ஒரே மழை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் போகும்போது, சாலைக்காகக் குன்றை வெட்டிய இடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெட்டிய பக்கம் ஒரு பெரிய சுவர்போல நிற்கும். அதன் உச்சியில், புல்லும் செடியும் வேர்விட்ட கரும்பழுப்பு நிறப் படலம் ஒன்று தெரியும். அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாது. அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண். இன்னும் கீழே வெள்ளையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த, கையால் அழுத்தினாலே உதிர்ந்துவிடும் பொருள். எல்லாவற்றுக்கும் அடியில் ஆங்காங்கே உருண்டைப் பாறைகள்.

பார்ப்பதற்கு நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றும். உண்மையில் கருங்கல் மலைகளில் இவை ஒரே பாறையின் நான்கு பருவங்கள். அடியில் இருப்பது பாறை. மேலே போகப் போக அது மண்ணாகிக்கொண்டிருக்கிறது. உச்சியில் உள்ள அந்தச் சாண் அளவுப் படலத்தை நம்பித்தான் செடியும் மரமும் நாமும் வாழ்கிறோம். இந்த வாரம் அந்தச் சுவரைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்ப்போம்.

மண்ணுக்கடியில் பிறந்த கருங்கல்

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு தீத்திவங்சா மலைத்தொடர். அதன் பெரும்பகுதி கிரானைட் எனப்படும் கருங்கல். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றும் புலாவ் ஊபின் தீவும் கருங்கல்தான். இந்தப் பாறைகள் ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்களின் தொடக்க காலத்தில், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியவை.

ஒரு கருங்கல் துண்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மூன்று வகைப் பொட்டுகள் தெரியும். கண்ணாடிபோலச் சாம்பல் நிறத்தில் மின்னுவது குவார்ட்ஸ். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புத் துகள்களாக இருப்பது பெரும்பாலும் ஒருவகை மைக்கா. இந்த மூன்று கனிமங்களையும் மறந்துவிடாதீர்கள். மண்ணின் கதை முழுவதும் இவற்றின் கதைதான்.

முதலில் விரிசல்

ஆழத்தில் இருந்த கருங்கல், மேலே இருந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து போனதால் வெளியே வந்தது. தலைமேல் இருந்த பாரம் குறைந்ததும் அது சற்று விரிந்தது. விரிந்ததும் வெடிப்பு விட்டது. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது. பின்னர் மரங்களின் வேர்கள் நுழைந்து, பருத்து, பிளவை இன்னும் அகலமாக்கின. பழைய கட்டடச் சுவரில் ஓர் ஆலங்கன்று முளைத்தால் சுவர் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். பாறைக்கும் அதே கதி.

இப்படிப் பாறை துண்டு துண்டாக உடைவதைப் பௌதிகச் சிதைவு என்கிறோம். மலாய்மொழிப் பாடநூல்கள் பாறைச் சிதைவை ‘லுலுஹாவா’ என்று குறிப்பிடும். குளிர்நாடுகளில் வெடிப்புக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து விரிவதால் பாறை பிளக்கும். நம் நாட்டில் அந்த வேலைக்கு இடமில்லை. ஆனாலும் விரிசல் நமக்கும் முக்கியம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பாறையின் மேற்பரப்பு மொத்தம் 6 சதுர மீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் ஒரு மில்லியன் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்பைக் கூட்டினால் 600 சதுர மீட்டர். பாறையின் அளவு கூடவில்லை; ஆனால் தண்ணீர் படும் இடம் 100 மடங்கு கூடிவிட்டது. கற்கண்டைக் கட்டியாகப் போட்டால் மெதுவாகவும், பொடித்துப் போட்டால் விரைவாகவும் கரைவது இதனால்தான்.

பிறகு மழை செய்யும் வேதியியல்

மழைநீர் சுத்தமானது என்று நினைக்கிறோம். ஆனால் வானிலிருந்து இறங்கும்போதே அது காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, மிகமிக மென்மையான கார்பானிக் அமிலமாகிவிடுகிறது. மாசு இல்லாத மழைநீரின் பிஎச் அளவே சுமார் 5.6. மண்ணுக்குள் இறங்கியதும் அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணின் காற்றறைகளில் கார்பன் டைஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்த மெல்லிய அமிலம் மூன்று கனிமங்களையும் மூன்று விதமாக நடத்துகிறது.

ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து, கயோலின் எனப்படும் வெள்ளைக் களிமண்ணாகிறது. அப்போது அதில் இருந்த பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை நீரில் கரைந்து வெளியேறுகின்றன. கறுப்பு மைக்காவில் இரும்பு இருக்கிறது. அது நீரும் ஆக்சிஜனும் பட்டுத் துருப்பிடிக்கிறது. பழைய சைக்கிளில் பிடிக்கும் அதே துருவின் உறவினர்கள்தான் நம் மண்ணுக்குச் செந்நிறமும் மஞ்சள் நிறமும் தருகின்றன. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசைவதில்லை. அது மணலாக உதிர்ந்து அப்படியே மிஞ்சுகிறது.

ஆக, செம்மண் என்பது என்ன? களிமண், துரு, மணல். கருங்கல்லில் கரைய வேண்டியவை கரைந்து போன பிறகு மிஞ்சியவை.

நெடுஞ்சாலைச் சுவரின் அடியில் பார்த்த உருண்டைப் பாறைகள் எப்படி வந்தன என்பதும் இப்போது விளங்கும். வெடிப்புகளால் பெட்டி பெட்டியாகப் பிரிந்த பாறையை நீர் எல்லாப் பக்கமும் அரிக்கிறது. முனைகளில் மூன்று பக்கமிருந்தும் தாக்குவதால் அவை முதலில் உதிர்கின்றன. சவர்க்காரக் கட்டி தேயத் தேய உருண்டையாவதுபோல, நடுவில் சிதையாத உருண்டை மிஞ்சுகிறது. சுற்றியிருந்த மண் கழுவப்பட்டுவிட்டால் அந்த உருண்டைகள் வெளியே தெரியும். பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில் கிடக்கும் பெரும்பாறைகள் அப்படி வந்தவையே.

வெப்பமும் இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. பொதுவாக, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். நமக்கு ஆண்டு முழுவதும் வெயில். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால்தான் நம் மலைகளில் பாறை பத்து, இருபது, முப்பது மீட்டர் ஆழம்வரைகூடச் சிதைந்து கிடக்கிறது.

பத்துமலையும் கிந்தா பள்ளத்தாக்கும்

இதே மழை சுண்ணாம்புக்கல்லில் விழுந்தால் கதை வேறு. பத்துமலை சுமார் 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் கார்பானிக் அமிலத்தில் ஏறக்குறைய முழுவதுமாகக் கரைந்துவிடும். மண்ணாக மிஞ்சுவது சொற்பம். அதனால் அங்கே ஆழமான மண் உருவாகாமல் குகைகள் உருவாயின. 272 படிகள் ஏறி நாம் நுழையும் அந்தப் பெருங்குகையை மழைநீரும் நிலத்தடி நீரும்தான் கரைத்துக் குடைந்தன.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு இன்னொரு சாட்சி. அங்கே பூமியில் கிடைத்த ஈயத்தாது, முதலில் கருங்கல்லிலும் அதன் விளிம்புகளிலும் மெல்லிய நரம்புகளாக இருந்தது. பாறை சிதைந்தபோது ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணானது. ஈயத்தாதுவோ குவார்ட்ஸைப்போலச் சிதையாமல் நின்றது. ஆறுகள் இரண்டையும் அடித்துக்கொண்டு வந்தன. மணலின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு, ஈயத்தாதுவின் அடர்த்தி சுமார் 7 மடங்கு. கனமானது அடியில் தங்கியது. ஈயச் சுரங்கங்களில் மரத் துலாங்கில் மண்ணை அலசி ஈயத்தைப் பிரித்தவர்கள், ஆறு ஏற்கெனவே செய்துவந்த வேலையைத்தான் தங்கள் கையால் செய்தார்கள். ஈப்போ நகரம் வளர்ந்ததற்குப் பின்னால் பாறைச் சிதைவும் இருக்கிறது.

ஆழம் அதிகம், சத்து குறைவு

முப்பது மீட்டர் ஆழத்துக்கு மண் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

மில்லியன் கணக்கான ஆண்டுகளாக மழை கழுவியதில், பயிருக்கு வேண்டிய பொட்டாசியமும் கால்சியமும் மக்னீசியமும் ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டன. மிஞ்சிய கயோலின் களிமண்ணுக்கோ சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. கருங்கல்லிலிருந்து உருவான இத்தகைய மண்வகை ஒன்றுக்கு மண்ணியலாளர்கள் ஜொகூரில் உள்ள ரெங்கம் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரப்பரும் செம்பனையும் அதில் நன்றாக வளரும். ஆனால் உரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சில இடங்களில் கழுவுதல் இன்னும் முற்றிப்போய், இரும்பு ஆக்சைடுகள் இறுகிக் கட்டியாகிவிடுகின்றன. அதுதான் செம்புரைக்கல். மலாக்காவில் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் எஞ்சிய வாசலைப் பார்த்திருந்தால், அதன் செங்கருமைக் கற்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அவை செம்புரைக்கற்கள். மண் மறுபடியும் கல்லாகிக் கோட்டையாக நிற்கிறது.

ஜாவா தீவில் நெல் செழிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அங்கே எரிமலைகள் அவ்வப்போது புதிய சாம்பலைக் கொட்டுகின்றன. சாம்பல் சிதையும்போது புதுச் சத்துகள் வெளிவருகின்றன. தீபகற்ப மலேசியாவில் அப்படி மண்ணைப் புதுப்பிக்கும் எரிமலை இல்லை.

அப்படியானால் நம் மழைக்காடு எப்படி இவ்வளவு அடர்த்தியாக வளர்ந்தது? அதற்கு விடை உச்சியில் உள்ள அந்தச் சாண் அளவுப் படலத்தில் இருக்கிறது.

உயிருள்ள ஒரு சாண்

நல்ல மேல்மண்ணில் ஏறத்தாழ பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி நீரும் காற்றும் நிறைந்த சின்னச் சின்ன இடைவெளிகள். திடப்பொருளிலும் பெரும்பகுதி கனிமத் துகள்களே. மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடு மட்டும் மக்கிய இலை, வேர், உயிரினங்கள். அந்தச் சிறு பங்குதான் மண்ணுக்குக் கருமை தருகிறது; துகள்களை ஒட்டவைத்துப் பொலபொலப்பாக்குகிறது; நீரையும் சத்தையும் பிடித்துவைக்கிறது.

வளமான மண் ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் அதில் உலக மக்கள்தொகையைவிட அதிகமான உயிர்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். காச நோய்க்கு முதலில் பயன்தந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943ஆம் ஆண்டில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. அத்தகைய மருந்துகளுக்கான ஆய்வுக்காக செல்மன் வாக்ஸ்மன் 1952ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

காட்டில் இலை விழுகிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதங்களில் மக்குகிறது. சத்து கீழே கழுவப்பட்டுப் போவதற்குள் மேலாகப் படர்ந்திருக்கும் வேர்கள் அதை உறிஞ்சி மறுபடியும் இலையாக்குகின்றன. காட்டின் செல்வம் பெரும்பாலும் மரத்திலும் மேல்மண்ணிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது; அடியில் உள்ள செம்மண்ணில் சேமிப்பு குறைவு. மரத்தை வெட்டி, மேல்மண்ணையும் பறிகொடுத்தால் சுழற்சி அறுந்துவிடும். பிறகு மிஞ்சுவது துருவும் களிமண்ணும் மணலும்தான்.

இழந்ததைத் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆகும்? 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள்வரை ஆகலாம் என்கிறது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு. அதாவது உங்கள் சுட்டுவிரலின் ஒரு கணு அளவு மண்ணுக்கு, ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய காலத்திலிருந்து இன்றுவரை ஆகும் காலம்.

ஒரு துளியின் அடி

உருவாக ஆயிரம் ஆண்டு, போவதற்கு?

பெரிய மழைத்துளி தரையில் விழும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வெறும் மண்ணில் அது ஒரு குட்டிக் குண்டுபோல மோதித் துகள்களைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் இடைவெளிகளை அடைத்துவிடும். அதன்பின் நீர் உள்ளே இறங்காது, சரிவில் ஓடும். ஓடும் நீர் மேல்மண்ணை முதலில் தூக்கிச் செல்கிறது. எது மிகச் சத்தானதோ அதுவே முதலில் போகிறது. ஓர் இலை மூடியிருந்தால் போதும், அடியின் வேகம் உடைந்துவிடும்.

இந்தப் பாடத்தை நம் தோட்டப்புறங்கள் அனுபவத்தில் கற்றன. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், மலாயாவின் பால்மரக் காடுகளில் மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டிச் சுத்தமாக வைப்பதே நல்ல நிர்வாகம் என்று கருதப்பட்டது. லாலாங் புல் பரவாமல் தடுப்பது நோக்கம். அந்தப் புல்லைச் சுரண்டியவர்களில் நம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி தலைமுறையினர் ஏராளம். ஆனால் சரிவுகளில் வெறும் மண் மழையில் கரைந்தோடியது, ஆறுகள் கலங்கின, மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன.

பின்னர் முறை மாறியது. சரிவுகளில் படிக்கட்டுபோல மேடை வெட்டினார்கள். மண்ணைத் தேக்கக் குழிகள் தோண்டினார்கள். மரங்களுக்கு இடையே கொடியாகப் படரும் அவரைக் குடும்பச் செடிகளை வளர்த்தார்கள். இந்த மூடுபயிர்கள் மண்ணைப் போர்வைபோல மூடும். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றியும் தரும். இன்றும் புதிதாக ரப்பர் அல்லது செம்பனை நடும் தோட்டங்களில் இந்தக் கொடிகளைக் காணலாம்.

கேமரன் மலையில் நடப்பது

பாடம் கற்றாகிவிட்டது, எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்ததா? கேமரன் மலைக்குப் போவோம்.

நம் சந்தைக்கு வரும் முட்டைக்கோசும் தக்காளியும் பெருமளவில் அங்கிருந்து வருகின்றன. சிங்கப்பூர்ச் சந்தைக்கும் போகின்றன. குளிர்ந்த காற்று காய்கறிக்கு ஏற்றது. ஆனால் நிலமோ செங்குத்தான கருங்கல் சரிவு. காட்டை அழித்துச் சரிவைத் திறந்துவிட்டால், ஆழமாகச் சிதைந்த அந்த மண் மழையில் எளிதில் ஓடிவிடும்.

ஓடிய மண் எங்கே போகிறது என்பதற்கு ரிங்லெட் நீர்த்தேக்கம் சாட்சி. மின்உற்பத்திக்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணை 1963ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. தொடக்கத்தில் அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 6.3 மில்லியன் கன மீட்டர். மேலே உள்ள சரிவுகளிலிருந்து வந்த வண்டல் அதில் பெரும்பங்கை அடைத்துவிட்டது. பெரும் பொருட்செலவில் தூர்வார வேண்டியிருக்கிறது. வண்டல் நிறைந்த நீர்த்தேக்கத்தில் மழைநீரைத் தாங்க இடம் குறைவு. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே இருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து வீடுகள் சேதமாயின, உயிர்களும் போயின.

மேலே இருந்தபோது முட்டைக்கோசுக்கு உயிர்கொடுத்த அதே மண், கீழே வந்தபோது ஆபத்தானது. விவசாயமே கூடாது என்பது இதன் பொருளன்று. சரிவில் மேடை அமைப்பது, ஓடைக்கரையில் மரங்களை விட்டுவைப்பது, அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் மண்ணை வெறுமையாக விடாமல் மூடிவைப்பது, மிகச் செங்குத்தான இடங்களில் காட்டைத் தொடாமல் இருப்பது ஆகியவை தெரிந்த வழிகளே.

நகரத்திலும் இதே விதிதான். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. அதனால் கட்டுமானத் தளங்களிலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வெட்டிய மண்சரிவுகளைப் பாயால் மூடி வைத்திருப்பதையும் உடனே புல் பதிப்பதையும் நீங்கள் பார்த்திருக்கலாம்.

நம் தட்டில் மண்

நாம் உண்ணும் உணவில் சுமார் 95 விழுக்காடு நேரடியாகவோ மறைமுகமாகவோ மண்ணிலிருந்து வருகிறது. மழைநீரை வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்புவதும் மண்தான். காற்று மண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ள கார்பனைக் கூட்டினாலும், அதைவிட அதிகக் கார்பன் மண்ணில் இருக்கிறது. மண் கெட்டால் அதில் ஒரு பகுதி கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் கலந்துவிடும். இதையெல்லாம் நினைவுபடுத்தவே 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 5ஆம் தேதியை ஐ.நா. உலக மண் நாளாகக் கடைப்பிடிக்கிறது. மண்வளப் பாதுகாப்பில் அக்கறை காட்டிய தாய்லாந்து மன்னர் பூமிபோலின் பிறந்தநாள் அது.

நீங்களே செய்து பாருங்கள்

முதல் சோதனை: மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களிமண் துகள்கள் ஓரிரு நாள்கூட நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மேலே மிதப்பது மக்கிய இலைகளும் வேர்களும். கருங்கல்லின் மூன்று கனிமங்களும் எங்கே போயின என்று அடுக்குகளைப் பார்த்து ஊகியுங்கள்.

இரண்டாம் சோதனை: மூன்று காலி பிளாஸ்டிக் புட்டிகளைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை நீள்வாக்கில் வெட்டுங்கள். வெட்டும்போது பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவு மண் நிரப்புங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். இரண்டாவதைக் காய்ந்த இலைகளால் மூடுங்கள். மூன்றாவதில் வேரோடு புல் வையுங்கள். மூன்றையும் வாய்ப்பக்கம் கீழே சாயும்படி ஒரே சரிவில் வைத்து, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீரைத் துளையிட்ட மூடி வழியாக மழைபோல ஊற்றுங்கள். வாய் வழியாக வடியும் நீரைத் தனித்தனிக் குவளைகளில் பிடித்து, நிறத்தை ஒப்பிடுங்கள்.

அந்த மூன்று குவளைகளையும் வகுப்புக்கு எடுத்துச் சென்று ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் காட்டுங்கள். அடுத்த பெருமழைக்குப் பிறகு உங்கள் வட்டாரத்து ஆற்றையோ வடிகாலையோ பாருங்கள். நீர் எந்தக் குவளையின் நிறத்தில் ஓடுகிறது? தேநீர் நிறத்தில் ஓடினால், மேலே எங்கோ ஓரிடத்தில் மண் மூடப்படாமல் கிடக்கிறது என்று பொருள்.